புகார் எங்கே சிக்கியிருக்கிறது? வங்கித் தகராறுகளுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

என் அம்மாவின் ஓய்வூதியக் கணக்கில் 10,000 ரூபாய் கழிந்தது. ஏடிஎம் இயந்திரத்திலிருந்து ஒரு தாள்கூட வெளியே வரவில்லை. அன்றே வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து நாற்பது நிமிடம் பேசினேன். அடுத்த ஏழு வாரங்களில் ஐந்து முறை கிளைக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, "மேலே அனுப்பியிருக்கிறோம், வந்துவிடும்" என்றார். எட்டாவது வாரம் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினேன். பணம் கழிந்த 61ஆம் நாள், 10,000 ரூபாயும் தாமதத்துக்கான இழப்பீடாக 5,600 ரூபாயும் கணக்கில் ஏறின.

அந்த இழப்பீட்டு விதி முதல் நாளிலிருந்தே இருந்தது. இல்லாதது என் புகார்தான். நான் தொலைபேசியில் பேசியது வங்கியின் பதிவில் 'தகவல் கேட்பு' என்று ஏறியிருந்தது. ஐந்து முறை கிளைக்குப் போனது எதிலும் ஏறவே இல்லை. ஏழு வாரம் அலைந்த பிறகும், வங்கியைப் பொறுத்தவரை நான் எதுவும் கேட்கவில்லை. இந்த ஒன்றைத் தெரியாமல் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் விதிகள் இந்திய வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் உரியவை.

எந்த அறிகுறிக்கும் முன்னால் செய்ய வேண்டியது

புகாரை எழுத்தில் கொடுங்கள். வங்கியின் இணையதளத்தில் உள்ள குறைதீர்ப்புப் பக்கம், மின்னஞ்சல், கிளையில் கொடுக்கும் கடிதம் ஆகிய எதுவாகவும் இருக்கலாம். ஆனால் புகார் எண்ணோ, முத்திரையிட்ட நகலோ உங்கள் கையில் இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், "இதைப் புகாராகப் பதிவு செய்து எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, எண் வரும்வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள். 30 நாட்களில் வங்கி பதில் தராவிட்டால், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அந்த 30 நாள் கணக்கு தொடங்குவது இந்தத் தேதியிலிருந்துதான்.

கடிதத்தில் உங்கள் மனவேதனையின் வரலாறு வேண்டாம். அது உண்மைதான், ஆனால் படிப்பவர் அதற்குள் கோரிக்கையைத் தேட வேண்டியிருக்கும். இவ்வளவு போதும்:

"என் சேமிப்புக் கணக்கிலிருந்து (கடைசி நான்கு எண்கள் …) … தேதி … மணிக்கு … ரூபாய் கழிந்தது. பரிவர்த்தனை எண் …. பணம் கைக்கு வரவில்லை. அந்தத் தொகையையும், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாயையும் வரவு வைக்கக் கோருகிறேன். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வாய்மொழியாக "முடியாது" என்று சொல்வது எளிது. காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றால் யாராவது ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும். ஊழியர் மரியாதைக் குறைவாகப் பேசினார் என்பதும் ஒரு புகார்தான், அதைத் தனிக் கடிதமாகக் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், ஊழியர் சார்பில் வருத்தம் தெரிவித்துவிட்டு, பண விவகாரத்தையும் சேர்த்தே முடித்துவிடுவார்கள்.

கடவு எண், ஓடிபி, அட்டையின் முழு எண் ஆகியவை எந்தப் புகாரிலும் வரக் கூடாது. வங்கியின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடியும் எடுக்காதீர்கள். பணத்தை இழந்து பதறித் தேடுபவர்களுக்காகவே போலி எண்களைப் பரப்பிவைக்கும் கும்பல்கள் இருக்கின்றன. அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

அறிகுறி: ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது

இயந்திரம் எந்த வங்கியுடையதாக இருந்தாலும், புகார் கொடுக்க வேண்டியது உங்களுக்கு அட்டை கொடுத்த வங்கியிடம். "அது வேறு வங்கியின் ஏடிஎம், அங்கே போய்க் கேளுங்கள்" என்று உங்கள் கிளை சொன்னால் நகராதீர்கள்.

பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. அது நாட்காட்டி நாள். விடுமுறையும் கணக்கில் சேரும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய். வாடிக்கையாளர் கேட்காமலேயே இந்த இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆனாலும் அசலை மட்டும் வரவு வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும் வாய்ப்பு உண்டு. ஆகவே நாட்களை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பணம் திரும்பாமல் "பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்தது" என்று பதில் வந்தால், அடுத்த படி வேறு. ஒவ்வொரு ஏடிஎம்மும் தன் செயல்களை வரி வரியாக ஒரு ஜர்னலில் பதிவு செய்கிறது. பெட்டியில் நிரப்பிய பணத்தையும் மிச்சத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கும் இருக்கிறது. உங்கள் 10,000 ரூபாய் வெளியே வரவில்லை என்றால், அந்த இயந்திரத்தின் பெட்டியில் அன்றைய கணக்கைவிட 10,000 ரூபாய் கூடுதலாக இருக்க வேண்டும். ஆகவே மூன்றைக் கேளுங்கள்: அந்த நேரத்தின் ஜர்னல் பதிவு, அன்றைய பண இருப்பு அறிக்கை, கண்காணிப்பு கேமராப் பதிவு. கேமராப் பதிவைக் காலவரையின்றி யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் "பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்" என்ற வரி முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். ரசீது வந்திருந்தால் உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்.

அறிகுறி: யுபிஐ மூலம் அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை

தனிநபருக்கு அனுப்பியது என்றால் அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி, கடைக்காரருக்கு உறுதிச் செய்தி போகவில்லை என்றால் 5 நாட்கள். இரண்டிலும் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய். செயலியில் அந்தப் பரிவர்த்தனையையே திறந்து, அங்கேயே புகாரைப் பதிவு செய்யுங்கள். 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை எல்லாரும் கேட்கப் போவது அந்த எண்ணைத்தான்.

தவறான ஆளுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்றால் இந்த விதி உதவாது. பரிவர்த்தனை தோல்வியடையவில்லை, நீங்கள் சொன்ன இடத்துக்குச் சரியாகப் போயிருக்கிறது. பெற்றவரின் சம்மதமின்றி வங்கி அந்தப் பணத்தை எடுத்துத் தர முடியாது. அவரைத் தொடர்புகொண்டு கேட்கத்தான் முடியும். உடனே உங்கள் வங்கிக்கு எழுதுங்கள். அவர் செலவழிப்பதற்குள் செய்தி போய்ச் சேர்ந்தால் நல்லது.

அறிகுறி: நான் செய்யாத பரிவர்த்தனை

இங்கே மட்டும் கடிதம் இரண்டாவது. முதலில் அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்குங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அதை வழியில் நிறுத்த முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். பிறகு அன்றே வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை பொறுப்பை இப்படிப் பிரிக்கிறது. தவறு வங்கியின் பக்கம் என்றால், நீங்கள் எப்போது தெரிவித்தாலும் உங்களுக்குப் பொறுப்பில்லை. தவறு வங்கியுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை, இடையில் எங்கோ ஓட்டை என்றால், வங்கியின் செய்தி கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுக்கு இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் வழக்கமான சேமிப்புக் கணக்குக்கு உங்கள் இழப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய். 7 நாட்களைத் தாண்டினால் அந்த வங்கியின் சொந்தக் கொள்கைப்படி. செய்தி வந்த நாளை விட்டுவிட்டு, உங்கள் கிளையின் வேலை நாட்களை எண்ண வேண்டும். நீங்கள் தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிக வரவாக வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும்.

நீங்களே ஏமாந்து ஓடிபியைச் சொல்லியிருந்தால், தெரிவிக்கும் நேரம்வரை போன பணம் உங்கள் இழப்பு. அதை மறைக்காதீர்கள், மறைத்தது வெளிப்பட்டால் மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் தெரிவித்த பிறகு போன பணம் வங்கியின் இழப்பு. ஏமாந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு ஒரு நாள் பேசாமல் இருப்பவர்களை நினைத்தால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அந்த ஒரு நாளில்தான் மிச்சமிருந்ததும் போகிறது.

வழக்கமாக வரும் மறுப்பு: "ஓடிபி பயன்படுத்தப்பட்டிருக்கிறது, ஆகவே கவனக்குறைவு உங்களுடையது." இதைப் படித்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். வாடிக்கையாளர் மேல் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. திருப்பிக் கேளுங்கள்: ஓடிபி எந்த எண்ணுக்குப் போனது? எந்தக் கருவியிலிருந்து உள்நுழைந்தார்கள், அது இதற்கு முன் என் கணக்கில் பயன்பட்ட கருவியா? பதிவுசெய்த கைபேசி எண் சமீபத்தில் மாற்றப்பட்டதா? நான் கொடுத்த தகவல் வங்கியின் பதிவில் ஏறிய நேரம் என்ன?

அறிகுறி: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது, எதுவும் தீரவில்லை

மனிதர்களை மிகவும் உடைத்துப்போடுவது இதுதான். பணம் போனதைவிட, நடக்காததை நடந்ததாக எழுதுவதுதான் வலிக்கிறது. ஆனாலும் இந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்தவுடன் புதிதாக இன்னொரு புகாரைப் பதிவு செய்யாதீர்கள். நான்கு எண்கள், நான்கு தேதிகள், நான்கு விதமான விவரிப்புகள் என்று சிதறிவிட்டால், நாளை மேலே போகும்போது எது உங்கள் புகார் என்று நீங்களே விளக்க வேண்டியிருக்கும்.

முதலில் அந்தப் புகாரின் முடிவுக் குறிப்பை எழுத்தில் கேளுங்கள். அதைப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். "வாடிக்கையாளருக்கு விளக்கமளிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால், யாரோ உங்களை அழைத்துப் பேசியதையே தீர்வாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வேறொரு துறையின் பெயர் இருந்தால், புகார் தவறான வகையில் பதிவாகி, தொடர்பில்லாதவர்களிடம் போயிருக்கிறது. ஏடிஎம் புகார் 'அட்டை கோரிக்கை' என்று பதிவாகிவிட்டால் யார்தான் ஜர்னலைப் பார்ப்பார்கள்? இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அதே எண்ணைக் குறிப்பிட்டு, அதே மின்னஞ்சல் தொடரில், "தொகை வரவாகவில்லை, புகார் தீரவில்லை, மீண்டும் திறக்கவும்" என்று எழுதி, வங்கியின் அடுத்த நிலை அதிகாரிக்கு அனுப்புவது. குறைதீர்ப்பு அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு வங்கியும் தன் இணையதளத்தில் வைத்திருக்கும்.

குறிப்பில் உண்மையிலேயே மறுப்பு இருந்தால் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. பெரிய வங்கிகளில் உள் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார். முழுமையாகவோ பகுதியாகவோ மறுக்கப்படும் புகார் எதுவும், மறுப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் அவர் பார்வைக்குப் போக வேண்டும். வாடிக்கையாளர் அவரை நேரடியாக அணுக முடியாது. ஆனால் "இந்த மறுப்பு உள் குறைதீர்ப்பாளரின் பார்வைக்குச் சென்றதா?" என்று எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அனுப்பாமல் விடப்பட்ட கோப்பு பல நேரங்களில் இந்த ஒரு வரியால் நகர்கிறது.

இன்னொன்று. திருப்தியில்லாத பதில் வந்துவிட்டால் 30 நாள் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பதிலே குறைதீர்ப்பாளரிடம் போவதற்கான நுழைவுச் சீட்டு.

அறிகுறி: கிளையில் கடிதத்தை வாங்க மறுக்கிறார்கள்

வாதாடாதீர்கள். அன்றே விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தமிழில் எழுதினால் போதும். தமிழ் என்பதற்காக யாரும் மறுக்கக் கூடாது.

அறிகுறி: கேட்காமலே பிடித்தம்

436 ரூபாய் அல்லது 20 ரூபாய் கழிந்திருந்தால், அவை பிரதமரின் பெயரில் உள்ள ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீடு ஆகிய திட்டங்களின் ஆண்டுச் சந்தாவாக இருக்கலாம். நீங்கள் சேரவில்லை என்றால் "என் ஒப்புதல் படிவத்தின் நகலைத் தாருங்கள்" என்று கேளுங்கள். நகல் இல்லை என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதுதான்.

குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் என்றால், 2014ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி முன்னரே தெரிவித்து, இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதமாவது தந்திருக்க வேண்டும். இந்தக் கட்டணத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் செயலற்றுப்போன கணக்கில் இந்தக் கட்டணமே கூடாது. அதை மீண்டும் உயிர்ப்பிக்கவும் கட்டணம் இல்லை.

அறிகுறி: கணக்கு முடங்கிவிட்டது

"ஏன்" என்பதற்கு முன் "யார்" என்று கேளுங்கள். கேஒய்சி எனப்படும் அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்காததால் வங்கியே முடக்கியிருந்தால் எளிது. விவரங்களில் மாற்றம் இல்லையென்றால் நீங்களே கொடுக்கும் உறுதிமொழி போதும். அதற்காகக் கிளைக்கு நேரில் போக வேண்டியதில்லை. காவல்துறையின் சைபர் பிரிவு சொல்லி முடக்கியிருந்தால் வங்கியோடு சண்டையிட்டுப் பயனில்லை. எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்ற நான்கையும் வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். பிறகு, அந்தச் சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதிக் கணக்கைத் திறக்குமாறு அந்தக் காவல் நிலையத்துக்கு எழுதுங்கள். பணம் வந்த வழிக்கான ஆவணத்தையும் இணையுங்கள்.

அறிகுறி: கடன் முடிந்தது, கடன் விடவில்லை

வீட்டுக் கடனை அடைத்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்கள் கைக்கு வர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். 2023 டிசம்பர் 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. கிரெடிட் கார்டை மூடச் சொல்லி, நிலுவையும் இல்லையென்றால் 7 வேலை நாட்கள். அதற்கு மேல் நாளுக்கு 500 ரூபாய். அடைத்த கடன், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் நிலுவையாகவே நின்றால், புகார் கொடுத்த 30 நாட்களுக்குள் திருத்த வேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய். மூன்றிலும் தொகையைக் குறிப்பிட்டு, தேதியோடு கோருங்கள்.

அறிகுறி: இறந்தவரின் கணக்கு, அலைக்கழிக்கும் கிளை

நாமினி பதிவாகியிருந்தால், இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாளமும் கொடுத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும். நாமினி இருக்கும்போது வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்கக் கூடாது. துக்க வீட்டிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்புவதைப் போன்ற கொடுமை வேறில்லை. இதில் தயங்காமல் முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கிறது என்பதைக் குடும்பத்திலும் சொல்லிவிடுங்கள். இரண்டாவது தகராறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

அறிகுறி: 30 நாட்கள் முடிந்தன, பதிலே இல்லை

2021 நவம்பர் 12 அன்று ரிசர்வ் வங்கி தன் மூன்று குறைதீர்ப்புத் திட்டங்களை ஒன்றாக்கியது. அதனால் உங்கள் ஊருக்கு எந்த அலுவலகம் என்று தேட வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி புகார்களைப் பெறும் சிஎம்எஸ் என்ற இணையதளத்தில் பதிவு செய்யலாம். சண்டிகரில் உள்ள மையத்துக்கு அஞ்சலிலும் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். சந்தேகம் என்றால் 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். நாட்களைத் தள்ளிப்போடாதீர்கள், கால வரம்பு உண்டு.

புகார் உள்ளே நுழையாமலே திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வங்கியிடம் முதலில் எழுத்தில் கொடுத்ததற்கான சான்று இல்லை. முத்திரையிட்ட அந்த நகல் இங்கேதான் தன் வேலையைச் செய்கிறது. கடன் தர மறுத்தது போன்ற வணிக முடிவுகளையும், ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருப்பதையும் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். அதனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் எண்ணம் இருந்தாலும், குறைதீர்ப்பாளரிடம் முதலில் போங்கள். அங்கே முடியாவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம்.

அறிகுறி: வங்கி திடீரென்று இறங்கிவருகிறது

குறைதீர்ப்பாளரிடம் புகார் பதிவானதும் வங்கியிலிருந்து மிகக் கனிவான ஒரு குரல் அழைக்கும். "புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், நாளைக்கே வரவு வைக்கிறோம்." மரியாதையோடு பதில் சொல்லுங்கள், ஆனால் வரிசையை மாற்றிவிடுங்கள்: முதலில் வரவு, பிறகு திரும்பப் பெறுதல். வரவான தொகையைப் பிரித்துப் பாருங்கள். அசல் இருக்கிறதா, நாள் கணக்கிலான இழப்பீடு இருக்கிறதா, அந்தப் பணம் இல்லாததால் திரும்பிய தவணைக்குப் பிடித்த அபராதம் திரும்ப வந்திருக்கிறதா? கையெழுத்துக்கு நீட்டும் தாளில் "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்" என்று இருந்தால், இந்த மூன்றும் வந்த பிறகே பேனாவை எடுங்கள். தவணை தவறியிருந்தால், ஒரு மாதம் கழித்து சிபில் அறிக்கையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கணக்கில் சரியானது அங்கே சரியாகாமல் நிற்கக்கூடும்.